என் தங்கச்சிக்கு ஒரு ஸ்காட்லாந்துச் சொல்

1

டண்டியில் எல்லோருக்கும் நான் யோகாதான். இந்த ஊர் முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, மேற்பார்வை செய்கிற அம்மா யோகேஸ்வரி என்ற பெயரை இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது தடவை சிரித்துவிட்டு, நெஞ்சில் குத்துகிற அட்டையில் யோகா என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார். புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து உடம்பை வளைத்துக் காட்டச் சொல்லிக் கேலி பண்ணுவார்கள். இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பாலர் பாடசாலை டீச்சராக இருந்த வரைக்கும் எனக்கு டீச்சரம்மா என்பதைத் தவிர வேறு பெயர் இருந்ததில்லை.

பெயர் போனதில்கூட அவ்வளவு வருத்தமில்லை. நான் படித்த இங்கிலீஷ் இந்த ஊரில் செல்லுபடியாகவில்லை என்பதுதான் பெரிய அடி. இவர்கள் பேசுவது வேறு. வந்த முதல் வாரத்தில் ஒரு பெரியவருக்குத் தேநீர் கொடுத்தேன். கோப்பையைப் பார்த்தபடி, "ஐ கனி" என்றார். என் காதில் தமிழ்தான் விழுந்தது. எந்தக் கனியைக் கேட்கிறார் என்று யோசித்துக்கொண்டு நின்றேன். கை நடுங்குகிறது, பிடிக்க முடியாது என்றுதான் அவர் சொல்லியிருக்கிறார். கனி என்றால் முடியாது. அதை எழுதி வைத்துக்கொள்ளாமலே மனப்பாடம் செய்துகொண்டேன். நாள் முழுக்க அந்த இல்லத்தில் எல்லோரும் சொல்வது அதைத்தான். நடக்கக் கனி, எழும்பக் கனி, நினைவுக்கு வரக் கனி.

என் மகள் கவிஷா வந்த ஆறே மாதத்தில் அதைப் பிடித்துக்கொண்டாள். தேவாரம் பாடி ஒரு பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கிய பிள்ளை. இப்போது சாப்பிட்ட தட்டைக் கழுவச் சொன்னால், "ஐ கனி பி பாதர்ட், மம்", அதற்கெல்லாம் மெனக்கெட முடியாது என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விடுகிறாள். மீன் பொதி பண்ணும் ஆலையில் வேலை முடித்து வந்து களைப்போடு உட்கார்ந்திருக்கும் அவளுடைய அப்பாவுக்கு அது விளங்குவதில்லை. பிள்ளை நல்லாத்தானே இங்கிலீஷ் பேசுது என்பார்.

இந்தக் கனியைப் பற்றி எழுத ஒரு காரணம் உண்டு. என் தங்கச்சி சரோஜாவின் வழக்கில் தீர்ப்பு வந்து நேற்றோடு ஒரு வருடம் ஆகிறது.

2

சரோஜா எனக்கு ஏழு வயது இளையவள். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எங்கள் இருவரையும் பற்றி ஒரு முடிவு எப்போதோ எழுதப்பட்டுவிட்டது. யோகேஸ்வரி கெட்டிக்காரி, சரோஜா பாவம். நான் பரீட்சை எழுதி டீச்சரானேன். அவள் எட்டாம் வகுப்போடு கொழுந்துக் கூடையைத் தூக்கினாள். நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவாள். சிரிக்கும்போது வாயைப் பொத்திக்கொள்வாள். மோகன் பெண் கேட்டு வந்தபோதும் அப்படித்தான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மோகன் பஜாரில் ஆட்டோ ஓட்டினான். பார்க்க லட்சணமாக இருப்பான். எங்களோடு பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை அக்கா என்பான். கல்யாணமான இரண்டாவது மாதம் அவளைச் செருப்பால் அடித்தான். பிறகு இடுப்புப் பெல்ட். மகள் திலானி வயிற்றில் இருந்தபோது முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, நெற்றியை அடுப்புத் திண்டில் மோதினான். ஒரு தடவை மணிக்கட்டை முறுக்கி உடைத்தான். அந்தக் கை இன்றைக்கும் மழைக்காலத்தில் வீங்கும். அடி வாங்கிய மறுநாளும் அவள் மலைக்குப் போவாள். கூடைக் கயிறு நெற்றிக் காயத்தில் பட்டு இரத்தம் வரும். துண்டை மடித்து வைத்துக்கொண்டு கொழுந்து எடுப்பாள்.

லயத்தில் காம்பரா என்று சொல்லும் ஓரறை வீடுகளுக்கு இடையில் இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் கேட்கும். அவள் கத்துவது முழு லயத்துக்கும் கேட்டது. முதல் வருடம் ஓடி வந்தார்கள். மோகன் அவர்களையும் வெட்ட வந்தான். பிறகு வருவதை விட்டுவிட்டார்கள். பக்கத்துக் காம்பரா ராசாத்தி மட்டும் மறுநாள் மஞ்சள் அரைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள்.

பொலிசுக்கும் நாங்கள் போனோம். அங்கே எல்லாம் சிங்களத்தில் எழுதினார்கள். சரோஜா கையெழுத்து வைத்தாள். வெளியே வந்து சிங்களம் தெரிந்த ஒரு கடைக்காரரிடம் பிரதியைக் காட்டியபோதுதான் அதில் இருந்தது தெரிந்தது. குடும்பத்தில் சிறு மனத்தாங்கல், இருவரும் சமாதானமாகப் போகச் சம்மதிக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

நாடு முழுக்க எண்ணெய்க்கு வரிசையில் நின்ற அந்த வருடம் அவளுக்கு ஆகக் கெட்ட வருடம். பெட்ரோல் இல்லாமல் ஆட்டோ நின்றுவிட்டது. மோகன் நாள் முழுக்க வீட்டில் இருந்தான். கள்ளச் சாராயமான கசிப்பு மட்டும் எப்படியோ கிடைத்தது. கொளுத்திப் போட்டுவிடுவேன் என்று அவன் சொல்வது புதிது இல்லை. ஆனால் அந்த வருடம் அவன் ஒரு புதுப் பழக்கம் வைத்துக்கொண்டான். குடித்துவிட்டு வந்ததும் மூலையில் இருக்கும் மண்ணெண்ணெய்க் கேனைத் தூக்கி, காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்ப்பான். உள்ளே எண்ணெய் தளும்புகிற சத்தம் கேட்கும். அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டுத் திரும்ப வைப்பான்.

சொல்வது வேறு, ஆட்டிப் பார்ப்பது வேறு என்று சரோஜாவுக்கு விளங்கியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. வரிசையில் நின்று வாங்கிய மண்ணெண்ணெயைப் பழைய கோர்டியல் சர்பத் போத்தலில் ஊற்றி ராசாத்தியின் விறகுக் கொட்டிலில் ஒளித்து வைத்தாள். கேனில் அதே அளவுக்குப் பீலிக் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்தாள். எத்தனையோ காலம் எண்ணெய் குடித்த கேன். கழுவினாலும் நாற்றம் போகாது. கழுவாமல் விட்டாள்.

3

அன்றைக்கு மலையில் அரைப்பேர், அரை நாள் கூலிதான் கிடைத்தது. மத்தியானத்தோடு வேலை முடிந்தது. தூறலில் நனைந்து வீட்டுக்கு வந்தவள் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. மோகன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டான். திலானிக்கு அப்போது ஐந்து வயது. கட்டில் ஓரத்தில் பொம்மைக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

கங்காணியைப் பார்த்து எதற்குச் சிரித்தாய் என்று ஆரம்பித்தான். அவள் சிரிக்கவில்லை என்றாள். பெல்ட்டை உருவி, அதன் வளையம் இருக்கிற பக்கத்தால் முகத்தில் அடித்தான். கடைவாய்ப் பல் ஒன்று அங்கேயே விழுந்தது. கீழே விழுந்தவளின் வயிற்றில் மிதித்தான். பிள்ளை ஓடி வந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். பிள்ளையையும் உதறினான். அவள் போய்க் கட்டில் காலில் இடித்து விழுந்தாள். அதற்குப் பிறகு கேனை எடுத்தான்.

மூடியைப் பல்லால் திருகித் திறந்து சரோஜாவின் தலையில் ஊற்றினான். பிறகு பிள்ளையின் தலையிலும் ஊற்றினான். காம்பரா முழுக்க எண்ணெய் வாடை. நெருப்புப் பெட்டியை எடுத்து முதல் குச்சியைக் கிழித்தான்.

இதை அவள் பிறகு எனக்குச் சொன்னபோது, அந்த நேரத்தில் பயமாக இல்லையா என்று கேட்டேன். தண்ணீருக்குப் பயமில்லை, தண்ணீர் என்று அவனுக்குத் தெரிந்துவிடுமோ என்றுதான் பயம் என்றாள். தெரிந்துவிட்டால் அவன் கை அடுத்து எதற்குப் போகும் என்று அவளுக்குத் தெரியும். தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி கதவுக்குப் பின்னால் தொங்கியது. அதனால் எண்ணெய் ஊற்றப்பட்ட பெண் எப்படித் துடிப்பாளோ அப்படித் துடித்தாள். கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்டுக்கொண்டே, தொண்டை கிழியும்படி "நெருப்பு, நெருப்பு, லயம் பத்துது" என்று கத்தினாள்.

ஒரு வீட்டில் பிடித்தால் வரிசையாக எல்லா வீடும் போகும். அது லயத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். சரோஜாவுக்கு அது அந்த நேரத்தில் ஞாபகம் வந்தது.

முதல் குச்சி அவள் சேலையில் பட்டு அணைந்தது. இரண்டாவதும் அணைந்தது. அவனுடைய கையும் நனைந்திருந்தது. பெட்டியும் நனைந்துவிட்டது. அடுத்த குச்சிகள் தீப்பொறிகூட விடவில்லை. அவன் நின்று, தன் விரலை மோந்து பார்த்தான். பிறகு நக்கிப் பார்த்தான்.

"தண்ணியாடி வச்ச?" என்று கேட்டான். மெதுவாகத்தான் கேட்டானாம்.

அவள் பிள்ளையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள். கத்தி கழுத்துக்கு வந்தது. இடது கையை உயர்த்தினாள். மோதிர விரலும் சுண்டு விரலும் அங்கேயே துண்டாகி விழுந்தன. அடுத்த வெட்டு தோளில் எலும்பு வரைக்கும் இறங்கியது. மூன்றாவது வெட்டுக்கு அவன் கையை ஓங்கியபோது கதவு உடைந்தது. ராசாத்தியின் புருஷன் கோடாலியோடும், மற்றவர்கள் தண்ணீர் வாளிகளோடும் உள்ளே விழுந்தார்கள். ஒருவர் என்ன ஏது என்று பார்க்காமலே வாளித் தண்ணீரை மோகன் மேல் வீசினாராம். பிறகுதான் அவன் கையில் இருந்த கத்தியையும் தரையில் ஓடிய இரத்தத்தையும் கண்டார்கள். அவனை அடித்து வெளியே இழுத்துப் போட்டு, கூடைக் கயிற்றால் தூணில் கட்டினார்கள். அந்தக் கூட்டம் அவனைக் கொன்றே இருக்கும். சமுர்த்தி நிவாரண அலுவலர் ஒருவர் அந்த வழியாக வந்து தடுத்தது அவனுடைய அதிர்ஷ்டம்.

4

நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவளை அடையாளம் தெரியவில்லை. முகம் கறுத்து ஊதி, ஒரு கண் மூடிக் கிடந்தது. பேச முடியாத வாயால் முதலில் கேட்டது, பிள்ளையின் கண்ணில் எண்ணெய் பட்டுவிட்டதா என்று. தண்ணீர்தானே சரோ என்றேன். ஆமாம், மறந்துவிட்டது என்றாள்.

பொலிசில் இந்தத் தடவை நான் பக்கத்திலேயே நின்றேன். எழுதியதை வரிக்கு வரி வாசித்துக் காட்டச் சொன்னேன். கத்தியால் வெட்டியது என்று மட்டும் எழுதினார்கள். கொளுத்தப் பார்த்ததையும் எழுதுங்கள் என்றால் அங்கிருந்தவர் சிரித்தார். தண்ணீரை ஊற்றி யாரைக் கொளுத்த முடியும் என்று கேட்டார். அவருக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. சட்ட உதவிக்கு வந்த ஒரு பெண் சட்டத்தரணி விடாமல் நடந்த பிறகுதான் கொலை முயற்சி என்று வழக்குப் பதிவானது.

அடுத்த வருடம் எனக்குப் பராமரிப்பு வேலைக்கான விசா வந்தது. ஹட்டன் பஸ் நிலையத்தில் சரோஜா என்னை வழியனுப்பினாள். மூன்று விரல் உள்ள கையால் என் பையைத் தூக்கி உள்ளே தள்ளினாள். அவளுடைய கை பழையபடி கொழுந்து எடுக்காது. தோட்டத்தில் கைப்பிள்ளைகளைப் பார்க்கிற பிள்ளைக் காம்பராவில் அவளுக்கு வேலை கொடுத்திருந்தார்கள். மோகன் பிணையில் வந்து பஜாரில் நடமாடிக்கொண்டிருந்தான். அவனுடைய அண்ணன் இரண்டு தடவை அவள் கூரைக்குக் கல் எறிந்தான். அவள் லயத்தை விட்டு, பஸ் போகிற ரோட்டோரத்தில் இருந்த ஓர் ஒற்றைக் காம்பராவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

5

அவள் சாட்சி சொன்ன நாள் இங்கே எனக்குக் காலை வேலை. எங்கள் ஊரில் மத்தியானம் ஆகும்போது இங்கே விடிகிறது. இரண்டு பேரைக் குளிப்பாட்டி உடை மாற்றி உட்கார வைத்துவிட்டு, தேநீர் இடைவேளையில் சமையலறையில் இருந்தபோது போன் வந்தது. பக்கத்தில் ஐலா இருந்தாள். அங்கே நெடுங்காலமாக வேலை செய்கிறவள். ஐம்பதைத் தாண்டியவள், பெரிய உடம்பு, குறைந்த பேச்சு. நான் அழுவதைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

நீதிமன்றத்தில் நடந்ததைச் சரோஜா அப்படியே சொன்னாள். எதிரித் தரப்புச் சட்டத்தரணி சிங்களத்தில் கேட்டார். யாழ்ப்பாணத்துக்காரரான மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொன்னார். சட்டத்தரணி அவளைக் 'கபட்டி' என்றார். கள்ளத் தந்திரக்காரிக்குச் சிங்களத்தில் சொல்கிற வார்த்தை. சந்தையில் அடிக்கடி காதில் விழுவதால் அது அவளுக்கே விளங்கியது. மொழிபெயர்ப்பாளர் அதை, "நீங்கள் ஒரு சூழ்ச்சிக்காரி என்று சொல்கிறார்" என்று மாற்றினார். இதுதான் அவளுக்கு விளங்கவில்லை. சூழ்ச்சின்னா என்னாங்க என்று அவரிடமே கேட்டாளாம்.

சட்டத்தரணி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது ஒரே இடத்தைத்தான். கேனில் தண்ணீர் இருப்பது உனக்குத் தெரியும். அப்படி இருந்தும் நெருப்பு என்று கத்தினாய். ஊரையே ஏமாற்றிக் கூட்டினாய். அது பொய் என்றால் இன்றைக்கு நீ சொல்வதில் எது உண்மை?

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளர் கேள்வியைத் திருப்பிச் சொன்னார்.

"பொய்தாங்க," என்று சரோஜா சொன்னாள். "அடிக்கிறாருன்னு ஆறு வருசமா கத்துனேங்க. அது உண்மை. மொத வருசம் போனதும் யாரும் வரலைங்க. நெருப்புன்னு ஒரு தடவ கத்துனேன். எல்லாரும் வந்துட்டாங்க."

ராசாத்தியும் அவளுடைய புருஷனும் இன்னும் இரண்டு பேரும் சாட்சி சொல்ல வந்து பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ராசாத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். பிறகு நீதிபதியே ஒரு கேள்வி கேட்டார். எண்ணெயை ஒளித்து வைத்தது சரி, கேனைக் காலியாக வைத்திருக்கலாமே, எதற்குத் தண்ணீர் ஊற்றினாய் என்று. காலியாக இருந்தால் வெளியே போய் வாங்கி வருவாருங்க, கேனில் இருக்கிறது என்று நினைத்தால் போக மாட்டாரு என்று அவள் சொன்னாள்.

நான் போனை வைத்ததும் ஐலா என்ன நடந்தது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், கையால் காட்டிக் காட்டி, கேன், தண்ணீர், நெருப்புக் குச்சி, கத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "யுவர் சிஸ்டர்ஸ் அ கனி வுமன், யோகா" என்றாள்.

எனக்குத் தலை சூடாகிவிட்டது. கனி என்றால் முடியாது. எதற்கும் ஆகாதவள் என்கிறாளா என் தங்கச்சியை? விரலைக் கொடுத்துப் பிள்ளையைக் காப்பாற்றியவளையா? எழும்பிப் போய், யாரும் மாற்றச் சொல்லாத படுக்கை விரிப்புகளை எல்லாம் உருவி மாற்றினேன். அன்றைக்கு மட்டுமில்லை, அந்த வாரம் முழுக்க ஐலாவோடு நான் பேசவில்லை. என்ன நடந்தது என்று அவளுக்குப் புரியவில்லை. அவளும் கேட்கவில்லை.

6

அந்த வாரக் கடைசியில் பனி உறைந்து ரோடெல்லாம் கண்ணாடி ஆகிவிட்டது. வேலை முடிந்து நான் வாசலில் இறங்கும்போது பின்னாலிருந்து ஐலா, "கா கனி, யோகா" என்றாள். முடியாது, யோகா. என்ன முடியாது? நடக்க முடியாதா, நான் முடியாதவளா? வீட்டுக்கு வந்து கவிஷாவிடம் கொட்டினேன். ஒரு கிழமையாக நெஞ்சில் வைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னேன்.

கவிஷா போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "மம், தட்ஸ் அ டிஃபரன்ட் கனி," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழுக்கு வந்தாள். "அது வேற வேர்ட்மா. பார்த்துப் போன்னு அர்த்தம். ஸ்லோவா போ, விழாதன்னு. சித்திய சொன்னது வந்து..." அங்கே அவளுக்குத் தமிழ் நின்றுவிட்டது. "ஸ்மார்ட், ஆனா ஸ்மார்ட் இல்ல. ஸ்கூல்ல ஸ்மார்ட் இல்ல. அவங்க கேர்ஃபுல். யாருக்கும் தெரியாம கேர்ஃபுல்." கையை விரித்தாள். "ஐ கனி எக்ஸ்ப்ளெய்ன் இட்."

அன்றைக்கு நாங்கள் இருவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து அந்தச் சொல்லுக்குத் தமிழ் தேடினோம். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவள் வேண்டாம் வேண்டாம் என்று தலையாட்டினாள். கெட்டிக்காரி என்றால் பரீட்சையில் முதலாவதாக வருகிறவள். அது நான்தான், சரோஜா இல்லை. சாமர்த்தியசாலி என்றால் பஜாரில் கடை வைத்திருக்கிறவரின் ஞாபகம் வருகிறது. தந்திரம், சூது எல்லாம் அந்தச் சட்டத்தரணி பக்கம் போய்விடுகின்றன. சமயோசிதம் கிட்ட வருகிறது, ஆனால் அது அந்த நேரத்தில் தோன்றுகிற யோசனை. சரோஜா பல நாளுக்கு முன்பே கேனை நிரப்பி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தவள். விவரமானவள் என்ற சொல் எங்களிடம் உண்டு. ஆனால் லயத்தில் ஒரு பெண்ணைப் பார்த்து, அவ வெவரமானவ என்று சொன்னால், அவளிடம் பார்த்துப் பழகு என்று பொருள். ஆணைச் சொன்னால் பாராட்டு, பெண்ணைச் சொன்னால் எச்சரிக்கை. அடி வாங்காமல் தப்பிக்கிற பெண்ணின் புத்தியைக் குற்றம் இல்லாமல் சொல்ல, டீச்சராக இருந்த எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

பிறகு காதை வைத்துக் கேட்கத் தொடங்கினேன். இந்த ஊர்க்காரர்கள் அதைப் பல இடத்தில் சொல்கிறார்கள். வாய்விட்டுப் பேசாமல், யோசித்து, நட்டமில்லாமல் காரியத்தை முடிக்கிறவர் கனி. கண்ணாடிச் சாமானை உடையாமல் எடுத்து வைப்பதும் கனி. அதற்கு எதிர்ச்சொல் 'அன்கனி', அதை மட்டும் பேய் பிசாசு மாதிரி மனதைக் கலக்குகிற விஷயத்துக்குச் சொல்கிறார்கள். ஒரு காலத்தில் இந்த ஸ்காட்லாந்திலிருந்து வந்த துரைமார் தங்கள் ஊர்ப் பெயர்களை எல்லாம் எங்கள் மலைகளுக்கு வைத்தார்கள். இங்கே பஸ் பலகையில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களின் பெயரைப் பார்த்து நான் திகைத்திருக்கிறேன். இந்தச் சொல்லை மட்டும் அவர்கள் லயத்துப் பக்கம் விடவில்லை.

திங்கட்கிழமை ஐலாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். ஒரு வாரம் நான் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்ததன் காரணம் தெரிந்ததும் அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவ்வளவு சிரிப்பை அவளிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

7

தீர்ப்பு வேறொரு நாள் வந்தது. கேனில் இருப்பது தண்ணீர் என்பது மோகனுக்குத் தெரியாது, எண்ணெய் என்று நம்பித்தான் குச்சி கிழித்தான், பிள்ளையின் தலையிலும் ஊற்றினான் என்று நீதிபதி சொன்னார். கொலை முயற்சி நிரூபணமானது. மோகனைச் சிறைக்கு அனுப்பினார்கள். கூண்டிலிருந்து இறங்கும்போது அவன் சரோஜாவைப் பார்த்து, வெளியே வந்து உன் மற்றக் கையையும் எடுப்பேன் என்று சொன்னானாம். காவலர்கள் அவனை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அன்றைக்கு நான் அவளிடம் ஐலா சொன்ன சொல்லைச் சொன்னேன். கவிஷா சொன்ன விளக்கத்தையும் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளோ, "அந்தம்மாவயும் யாராச்சும் அடிச்சாங்களாக்கா?" என்று கேட்டாள்.

அப்படி எதுவும் இருக்காது என்று சொல்லிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் உட்கார்ந்துகொண்டது. ஐலாவிடம் அதை எப்படிக் கேட்பது? இங்கே யாரிடமும் வீட்டு விஷயம் கேட்கக்கூடாது. கேட்காமலே ஒரு வருடம் போனது.

நேற்று சலவை அறையில் நானும் ஐலாவும் விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தோம். இன்றைக்குத்தான் என் தங்கச்சிக்குத் தீர்ப்பு வந்த நாள் என்றேன். அவன் வெளியே வர எவ்வளவு காலம் இருக்கிறது என்று அவள் கேட்டாள். சொன்னேன். அவள் விரிப்பின் முனைகளைச் சேர்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

அவளுடைய முதல் புருஷன் மீன்பிடிக் கப்பலில் போகிறவன். கடலில் இருக்கும் வரைக்கும் வீடு அமைதியாக இருக்கும். கரைக்கு வந்தால் அடி. விலா எலும்பு, தாடை, ஒரு தடவை கேத்தலில் கொதித்த தண்ணீர். ஒரு குளிர்காலத்தில் அவன் கழுத்தை நெரித்தபோது உதறிக்கொண்டு பனியில் வெறுங்காலோடு ஓடினாளாம். பாதம் வெடித்து, தெருமுனைக்குமேல் ஓட முடியாமல் விழுந்தாளாம். பின்னால் வந்தவன் அங்கேயே போட்டு மிதித்தான். அதற்குப் பிறகு, அவன் கரையில் இருந்த ஒவ்வொரு நாளும் சப்பாத்துப் போட்டுக்கொண்டே படுத்தாளாம், போர்வைக்குள்ளே, கயிறு இறுக்கிக் கட்டி. அவன் ஏன் என்று கேட்டதற்கு, கால் குளிர்கிறது என்றாளாம். பைத்தியக்காரி என்று அவன் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறான். அடுத்த தடவை அவன் கத்தியைத் தூக்கியபோது அவள் ஓடிய வேகத்துக்கு அவனால் வர முடியவில்லை.

சொல்லி முடித்துவிட்டு, மடித்த விரிப்பை அடுக்கில் வைத்து உள்ளங்கையால் நீவினாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அவள் ஒரு முறை அழுத்திவிட்டு அடுத்த விரிப்பை எடுத்தாள்.

இன்று விடிந்ததும் சரோஜாவைக் கூப்பிட்டேன். அங்கே பிள்ளைக் காம்பராவில் சத்தம். தாய்மார் மலையில் இருந்தார்கள். யாரோ ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. அவள் அதைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பேசினாள். நீ கேட்டது சரிதான் சரோ என்று ஆரம்பித்து, ஐலாவின் கதை முழுவதையும் சொன்னேன். கப்பல், பனி, பாதம், போர்வைக்குள் சப்பாத்து, கால் குளிர்கிறது என்று சொன்ன பொய்.  குழந்தையின் அழுகை மெல்ல மெல்ல அடங்கியது. போன் துண்டித்துவிட்டதோ என்று நினைத்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

"இருக்கேங்க்கா," என்றாள். பிறகு, "சப்பாத்தோட படுக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல பாருக்கா" என்றாள்.